தம்பியின் பட்டாசாலை வழியாக

திருநெல்வேலி டவுனில் நமச்சிவாயத்தின் வீட்டை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு தடவை பார்க்க வேண்டும். வீதியை ஒட்டிய முன்னறை அவருடையது. கிணற்றடிக்கு அந்தப்பக்கம் இருக்கிற பின்கட்டும் அவருடையது. நடுவில் கிடக்கும் பட்டாசாலை என்கிற கூடமும் இரண்டாம் கட்டும் தம்பி மந்திரமூர்த்திக்குச் சொந்தம். பாகம் பிரித்தபோது வக்கீல் எழுதிய பத்திரத்தை ஒரு முனையில் பிடித்து உருட்டிவிட்டால் அது ஆற்றைத் தாண்டி பாளையங்கோட்டையில் போய்த்தான் நிற்கும், அத்தனை நீளம். முன்னறைக்கும் பட்டாசாலைக்கும் இடையே இருந்த வாசலை ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பக்கவாட்டுச் சந்தான முடுக்கு இருவருக்கும் பொது. அதில் இருவரும் நடக்கலாம். ஆனால் ஒருவரும் அதன் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது, ஒரு நூல் கட்டக்கூடாது.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. முடுக்கில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேரும் தொந்தியை முதுகெலும்பு வரை உள்ளே இழுத்து, ஆளுக்கொரு சுவரை முகர்ந்துகொண்டே நகர்வார்கள். சண்டை எதற்கு என்று கேட்டால் அண்ணன் அம்மியைப் பற்றிச் சொல்வார், தம்பி முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்வார்.

இப்படி இருக்கையில்தான், தொண்ணூற்றொன்பதாம் வருடம் கார்த்திகை மாதத்தில், நமச்சிவாயத்தின் மகள் சங்கரிக்கு அமெரிக்க வேலை ஒன்று வாசல் வரை வந்து நின்றது.

அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு கருவியில் முணுமுணுப்பார்களாம். அந்த முணுமுணுப்பு இன்டர்நெட்டில் ஏறி இங்கே வரும். அதைக் காதில் வாங்கி, பிசகில்லாமல் டைப் அடித்து, உடனே திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருடம் சென்னையில் விடுதிச் சாம்பார் குடித்து இதே வேலையைச் செய்தவள் சங்கரி. இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அந்த நிறுவனம் இறங்கி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, அதாவது அங்கே காலை எட்டு மணிக்கு, ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் இரண்டு வருடத்துக்கு வேலை நிச்சயம். தேறாவிட்டால் மறுபடி சென்னை, மறுபடி அதே சாம்பார். மனைவி காலமானபின் நமச்சிவாயத்துக்குப் பேச்சுத்துணை மகள்தான். அவளும் ரயிலேறிவிட்டால் அந்த வீட்டில் அவர் பேசுவதற்கு மிஞ்சுவது கிணறு மட்டும்.

நிறுவனம் இரண்டு விஷயங்களில் கறாராக இருந்தது. நோயாளிகளின் ரகசியம் என்பதால், கண்டவர் உள்ளே நுழையாமல் காக்க வீட்டில் ஒரு ஃபயர்வால் இருக்க வேண்டும். சோதனை நேரத்தில் அவர்களே வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பார்கள். வேலை செய்கிற அறையில் சத்தம் கூடாது. டெலிபோன் இருப்பதோ முன்னறையில். அந்த வீதியில் பஸ்காரர்கள் ஆரன் அடித்தால் கோபுரத்துப் புறாக்கள் கங்கைகொண்டானில் போய்த்தான் இறங்கும். அங்கே உட்கார்ந்து அமெரிக்க டாக்டரின் முணுமுணுப்பைக் கேட்பது நடக்காது. அமைதி என்றால் பின்கட்டுதான்.

"முடுக்கு வழியா ஒரு கேபிள் இழுத்தாப் போதும்பா. சித்தப்பாகிட்ட நான் கேக்கேன்" என்றாள் சங்கரி. சண்டை பெரியவர்கள் இருவருக்கும்தான். அவள் இரண்டு பேரோடும் பேசுவாள்.

"அவன்கிட்ட கேட்டு ஒரு நூலு இழுக்கக்கூடாது!" என்று நமச்சிவாயம் போட்ட சத்தத்தில் முன்னறைக் காரை ஒரு படி உதிர்ந்தது. "நான் முப்பத்தாறு வருசம் கரண்டு வேலை பாத்தவன். கம்பியில்லாமக் கொண்டுபோறதுக்கு வழி இல்லாமயா இருக்கும்?"

வழி இருந்தது. அது பேட்டையில் இருந்தது.

பேட்டைத் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பூதத்தான் முதலில் மோட்டாருக்குக் காயில் கட்டினவர், பிறகு கம்ப்யூட்டருக்குத் தாவினவர். அவர் தொட்டால் செத்த இயந்திரம் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கும் என்று ஊரில் பேச்சு. ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து முன்னறை மேஜையில் வைத்தார். டெலிபோன் கம்பி அதற்குள் போயிற்று.

"இதான் உங்க ஃபயர்வால், அண்ணாச்சி. வெளியிலருந்து வாரது எல்லாம் இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். நம்ம கேட்டு வாங்குனது மட்டும் போகும். கேக்காம வாரவன வாசல்லயே அனுப்பிருவான். யாரு வந்தா போனான்னு எழுதியும் வைப்பான், பாருங்க."

திரையில் வரிகள் ஓடின. டயல் செய்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத எங்கெங்கோ உள்ள இயந்திரங்கள் வந்து தட்டியிருந்தன.

"இது எந்த ஊருக்காரன் வே?"

"கொரியா பக்கம் போலத் தெரியுது."

"கொரியாக்காரனுக்கு நம்ம வீடு எப்படித் தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது. எல்லா வீட்டயும் தட்டிக்கிட்டே வாரான். எது திறக்குன்னு பாக்கான்."

நமச்சிவாயம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சொந்தத் தம்பி பதினோரு வருடமாகத் தட்டாத கதவை உலகமே வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது! அன்று மத்தியானம் அவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் "போ, போ, ஆளில்ல" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மிச்சமிருந்தது, அந்த ஃபயர்வாலுக்கு ஜோடி சேர்க்க ஒரு கம்பியில்லாப் பெட்டி. பூதத்தானின் மச்சான் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்தான். அவன் மூலமாக இரண்டு பெட்டிகளும், சங்கரியின் லேப்டாப்பில் செருக ஒரு கார்டும் வந்து சேர்ந்தன. இரண்டையும் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மற்றது பட்டறைக்குத் திரும்பும்.

முதல் பெட்டி தும்பைப் பூ வெள்ளை. அத்தனை வழவழப்பு; ஈ உட்கார்ந்தால் சறுக்கி விழும். மூன்று சின்ன விளக்குகள் அதில் மினுமினுத்தன. இரண்டாவது, சாம்பல் நிறத்தில் நசுங்கின மாதிரி ஒரு தகரப் பெட்டி. அதன் தலையில் எருமைக்கன்று போல இரண்டு கொம்புகள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று நமச்சிவாயம் வெள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கான்."

"அவசரப்படாதிய, அண்ணாச்சி. செவ்வாக்கிழமை வந்து ரெண்டயும் மாட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பூதத்தான் போனார்.

செவ்வாய்க்கிழமை வரை யார் பொறுப்பது? வெள்ளைப் பெட்டியின் முதுகில் டெலிபோன் கம்பி செருக ஓர் ஓட்டை இருந்ததை நமச்சிவாயம் கண்டுபிடித்தார். ஃபயர்வாலிலிருந்து கம்பியை உருவி அதில் செருகினார். பெட்டி தானாகவே டயல் செய்தது. பின்கட்டிலிருந்து சங்கரியின் குரல் வந்தது.

"எப்பா! வந்துட்டு! இங்கன வந்துட்டு!"

அறுபத்திரண்டு வயது மனிதர் முடுக்கு வழியாக ஓடின ஓட்டத்தில் வேட்டி ஒரு நொடி பின்தங்கி வந்தது. லேப்டாப்பில் ஒரு கம்பி கிடையாது. ஆனாலும் திரையில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக, நெசவு மாதிரி வரி வரியாக விரிந்துகொண்டிருந்தது. நடுவில் முப்பது அடிக்குத் தம்பியின் வீடு. அவன் செங்கலைத் துளைத்து, அவன் பட்டாசாலையில் நடந்து, அவன் சட்டைக் கொடியை உரசிக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டது! நமச்சிவாயம் கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சத்தியம் செய்தார். டெலிபோன் பில்லுக்குப் பயந்து இரண்டு நாளும் இருட்டுவதற்குள் பெட்டியை அணைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த பூதத்தான் ஃபயர்வாலின் திரையைப் பார்த்தார். பிறகு நமச்சிவாயத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைலருந்து இதுல ஒரு வரி இல்லையே. கொரியாக்காரன் செத்தா போனான்?"

"நம்ம வெள்ளையன் நல்லாத்தான வேலை பாக்கான்?"

"வேலை பாக்கான். ஃபயர்வால் வேலையையும் சேத்துல்லா இவன் பாக்கான்! தானே டயல் பண்ணுதான், தானே பங்கு வைக்கான். காவலுக்கு நான் கொண்டுவந்த ஆளு சும்மா கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கான். வெள்ளிக்கிழமை அவங்க தட்டிப் பாக்கும்போது இந்த வெள்ளையன் என்ன பதில் சொல்லுவானோ, எனக்குத் தெரியாது."

"சரி, அந்த டயல் பண்ணுத குணத்த மட்டும் அமத்திரும்."

"அமத்திப் பாத்துட்டேன், பட்டறையில. கோவிச்சுக்கிட்டு விளக்க அணைச்சிட்டுப் படுத்துக்கிடுதான்." பூதத்தான் சாம்பல் பெட்டியைத் தட்டினார். "இந்தச் சவத்துக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஃபயர்வால் குடுக்கத வாங்கிக் காத்துல விடும், காத்துல வாரத வாங்கி ஃபயர்வால்ட்ட குடுக்கும். சங்கரி கார்டோட நம்பரச் சொல்லி வச்சிட்டா, வேற கார்டு வந்து கேட்டா ஏன்னுகூடக் கேக்காது. கெட்டிக்கார ஃபயர்வாலுக்கு வாயில்லாத பெட்டிதான் ஜோடி. ரெண்டும் நாட்டாமைன்னா வீடு தாங்காது."

நமச்சிவாயம் வெள்ளைப் பெட்டியை ஒரு தடவை துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும்போதுகூட அத்தனை வருத்தம் இருக்காது.

ஆனால் புதன்கிழமை காலை கொம்புப் பெட்டியை ஃபயர்வாலோடு இணைத்து, அடைத்த வாசலுக்கு நேராக வைத்ததும், வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. முன்னறைத் திரையில் உலகம் வந்து தட்டித் திரும்பிப் போகிறது. பின்கட்டில் சங்கரி கேட்டது மட்டும் வந்து இறங்குகிறது. முன்னறைக்கும் பின்கட்டுக்கும் முடுக்கில் அவர் அன்று நடந்த நடையை நீட்டிப் போட்டால் ஆழ்வார்திருநகரிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம்.

மாலை ஆறு மணிக்கு அது செத்தது.

பட்டென்று, விளக்கை ஊதினது மாதிரி. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு ஒன்றும் நடக்காத மாதிரி உயிரோடு இருந்தது. பூதத்தான் ஃபயர்வாலின் விதிகளை முதலிலிருந்து எழுதிப் பார்த்தார். நமச்சிவாயம் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஆறு மணிக்கு என்ன எரியுது? தெருவிளக்கு. அந்தப் பழைய குழல் விளக்கு போடுத இரைச்சல்தான் இது. என் சர்வீஸ்ல பாக்காததா?"

வியாழக்கிழமை மாலை, பழைய பழக்கத்தில் யார் யாரையோ பிடித்து, அந்த ஒரு தெருவுக்கு மட்டும் விளக்கை ஏழு மணி வரை போடவிடாமல் செய்தார். தெரு முழுக்க இருட்டு. இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொண்டன. ஒரு மாடு யார் வீட்டுக்குள்ளோ புகுந்தது. ஊர் வாயில் அவர் பெயர் அன்று அரைபட்ட மாதிரி அவர் அம்மிகூட எதையும் அரைத்ததில்லை. ஆறு மணிக்குப் பெட்டி, சொல்லிவைத்தாற்போல, செத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பூதத்தான் முன்னறையில் ஃபயர்வாலுக்கு முன்னால். சங்கரி பின்கட்டில் காதில் ஹெட்போனோடு. நடுவில் முடுக்கில் நமச்சிவாயம், கையில் கடிகாரத்தோடு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷனைப்போல.

ஐந்து ஐம்பத்தொன்பது. தம்பி வீட்டுப் பட்டாசாலையில் விளக்கு ஏற்றுகிற வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தது. மணி அடித்தது. பிறகு கிணற்றடிப் பக்கம், தம்பியின் கொல்லைக்கதவு "டொம்" என்று சாத்திய சத்தம்.

"போச்சு!" என்றாள் சங்கரி பின்கட்டில்.

"போச்சே!" என்றார் பூதத்தான் முன்னறையில்.

நமச்சிவாயம் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கதவை அவருக்குத் தெரியும். எப்போதோ திருடன் வந்ததற்காகத் தாத்தா இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்த கதவு; பீரங்கி வந்தாலும் யோசித்துத்தான் இடிக்கும். விளக்கு வைக்கிற நேரம் முன்வாசல் திறந்திருக்க வேண்டும், சீதேவி உள்ளே வருவாள். கொல்லைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்தவள் அந்த வழியாக வெளியே போய்விடுவாள். சின்ன வயதில் நமச்சிவாயம் விளக்கேற்ற, மந்திரமூர்த்தி ஓடிப்போய்க் கதவைச் சாத்துவான். இன்னும் சாத்திக்கொண்டிருக்கிறான். அலை ஆறு நாளாகத் தம்பியின் திறந்த கொல்லை வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. இது தெரியாமல் தெருவிளக்கைக் குற்றம் சொல்லி ஊரிடம் ஏச்சு வாங்கியாயிற்று.

திரையில் அலை காட்டும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய சங்கரி எழுந்து வர முடியாது. பூதத்தானும் ஃபயர்வாலை விட்டு நகர முடியாது. இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. நமச்சிவாயம் கிணற்றடிக்குப் போய், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கதவைத் தட்டினார்.

கதவு ஒரு விரல்கடை திறந்தது. உள்ளே பட்டை விபூதியும் ஒரு கண்ணும் தெரிந்தன. நமச்சிவாயம் சட்டென்று கிணற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏ கிணறு, இந்தக் கதவ ஒரு மணி நேரம் திறந்து வச்சா என்ன கொறஞ்சிருமாம்னு கேளு."

"ஏ கதவு," என்றது உள்ளேயிருந்து குரல், "தட்டுததுக்கு வேற நாள் கெடைக்காம வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச நேரமா பாத்து வந்திருக்காவளே, வீட்டுல உள்ள சீதேவிய வெளிய கூட்டிட்டுப் போறதுக்கான்னு கேளு."

"ஏ கிணறு, சங்கரிக்கு வேலை போயிரும்னு சொல்லு. இன்னும் அரைமணி நேரத்துல சோதனை. அலை இந்த வாசல் வழியாத்தான் வருதுன்னு சொல்லு."

கதவு இன்னும் இரண்டு விரல் திறந்தது.

"என்ன அலை?"

"கம்பியில்லாத அலை. முன்னறைலருந்து பின்கட்டுக்கு."

"நடுவுல என் வீடுல்லா கெடக்கு!"

"அதுக்குள்ள கூடித்தான்."

"என் பட்டாசாலைக்குள்ளயா?"

"ஆறு நாளா."

மந்திரமூர்த்தி கதவை முழுதாகத் திறந்தார். கோபத்தில் மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துடித்தது. "நான் சாப்பிடுத இடத்துலயா?"

"சாப்பிடுத இடம், தூங்குத இடம், எல்லாத்துலயும்."

"எனக்குள்ளயுமா?" தம்பி மெதுவாகத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் போயிருக்கும்."

அந்த முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. திரும்பித் தன் பட்டாசாலையைப் பார்த்தார். விளக்கு எரிகிற, ஊதுபத்திப் புகை நேராக எழும்புகிற அதே கூடம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"அதான் ஞாயித்துக்கிழமைலருந்து முட்டுவலி கொறஞ்சிருக்கு" என்றார்.

"சித்தப்பா!" பின்கட்டிலிருந்து சங்கரி கூவினாள். "இப்ப வருது! கதவச் சாத்திராதிய!"

மந்திரமூர்த்தி இக்கட்டில் நின்றார். ஒரு பக்கம் அண்ணன் மகள். இன்னொரு பக்கம் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்குள் வந்திருக்கிற சீதேவி. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பலகையை எடுத்துவந்து வாசலுக்கு நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"திறந்தே கெடக்கட்டும். நான் மறிச்சு உக்காந்துக்கிடுதேன். சீதேவி என்னத் தாண்டி எப்படிப் போவான்னு பாக்கேன்."

நியாயமான யோசனைதான். ஆனால் மந்திரமூர்த்தி உட்கார்ந்தால் வாசலில் காற்றுக்கே இடம் இருக்காது.

"சித்தப்பா! கோடு ஒண்ணா கொறஞ்சு போச்சு! பைய ஒரு முழம் தள்ளி உக்காருங்க!"

"தள்ளுனா இந்தப் பக்கம் சந்து விழுதே, ஏட்டி!"

மணி ஆறு இருபத்தைந்து. நமச்சிவாயம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலைக்கு அந்தப்பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தம்பி இந்தப்பக்கம் நகர்ந்தார். இரண்டு பேரும் காலை நீட்ட, நாலு கால்கள் வாசற்படிக்குக் குறுக்கே வேலிபோல விழுந்தன. வேலிக்கு மேலே வாசல் திறந்து கிடந்தது.

"நாலு கோடும் வந்துட்டு!" என்றாள் சங்கரி. "ரெண்டு பேரும் அசையக்கூடாது!"

ஆறரைக்கு அமெரிக்கா வந்தது. வந்த சத்தம் ஒன்றும் இல்லை. பின்கட்டில் தட்டச்சுச் சத்தம் மட்டும் மழை பிடித்த மாதிரிக் கேட்டது. முன்னறையிலிருந்து பூதத்தான் முடுக்கு வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்: "தட்டுதான், அண்ணாச்சி! விடாமத் தட்டுதான்! நம்ம ஆளு ஒண்ணையும் விடல!" சகோதரர்கள் மூச்சை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொசு மந்திரமூர்த்தியின் மூக்கில் உட்கார்ந்து, ஆற அமர ரத்தம் குடித்து, ஏப்பம் விட்டுக் கிளம்பியது. அவர் அசையவில்லை.

எங்கோ ஒரு டாக்டர், யாருக்கோ நெஞ்சுவலி என்று முணுமுணுக்கிறார். அது கடலுக்கு அடியில் கிடந்து, டெலிபோன் கம்பியில் தொங்கி, ஃபயர்வாலிடம் கேட்டு உள்ளே வந்து, இரண்டு கொம்புகளிலிருந்து குதித்து, செங்கலுக்குள் புகுந்து, விளக்குச் சுடரைத் தாண்டி, இப்போது இந்த வாசல் வழியாகப் போகிறது. சுடர்கூட ஆடவில்லை. நமச்சிவாயம் கரண்டு வேலையில் எத்தனையோ பார்த்தவர். லட்சம் வோல்ட் கம்பிக்கு அடியில் நின்று பீடி பற்றவைத்தவர். ஆனால் உடம்பு சிலிர்த்தது இப்போதுதான்.

மந்திரமூர்த்தி கிணற்றையும் கூப்பிடவில்லை, கதவையும் கூப்பிடவில்லை.

"அண்ணாச்சி," என்றார், உதடு அசையாமல். "இப்ப போயிட்டிருக்கா? நம்ம ரெண்டு பேருக்கு நடுவுலயா?"

"ஆமாலே."

"ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும் தெரியல. ஆனா போகுது."

ஏழு மணிக்குச் சங்கரி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை, இரண்டும்தான். அடித்து அனுப்பினதில் ஒரே ஒரு பிழை. ஃபயர்வாலைத் தட்டிப் பார்த்தவர்கள் ஒரு கதவும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை. ஞாயிறு தவிர தினமும் மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நேரடி இணைப்பில் இருக்க வேண்டும்.

"தினமுமா?" என்றார் மந்திரமூர்த்தி.

"ரெண்டு வருசத்துக்கு, சித்தப்பா."

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கால் மரத்துப்போயிருந்தது. யார் கால் யாருடையது என்றே தெரியவில்லை.

"முடுக்குல கேபிள் இழுத்துக்கிட்டா இந்தப் பாடு வேண்டாமே" என்று முன்னறையிலிருந்து வந்து நின்ற பூதத்தான் மெல்ல இழுத்தார். "இப்பத்தான் பேச்சு வந்துட்டுல்லா, ஒரு வார்த்தை கேட்டா…"

"சும்மா இரும் வே!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு கம்பியாம் கம்பி!

மந்திரமூர்த்தி காலை உதறிக்கொண்டே விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "திங்கள், செவ்வாய் நான் உக்காருதேன். ஒல்லியா ஒரு ஓரமா. புதன், வியாழன் அண்ணாச்சி. சனிக்கிழமை பூதத்தான் வரட்டும், அவர்தான இந்தப் பெட்டியக் கொண்டுவந்தாரு."

"வெள்ளிக்கிழமை?" என்றாள் சங்கரி.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும்தான்" என்றார் மந்திரமூர்த்தி. "அன்னைக்கு சீதேவிக்கு வேகம் சாஸ்தி."